பத்திலிருந்து பன்னிரண்டரை வரை ஆண்

முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவின் கோடியில் இருக்கிறது ஞானக்கோபுரம் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி. அதற்குப் படிக்கட்டுகள் இரண்டு. கிழக்கே இருப்பது பெண்கள் ஏற, மேற்கே இருப்பது ஆண்கள் ஏற. நடுவில் முன்பு ஒரு நடைவழி இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அங்கே நின்று ஒரு பெண்ணிடம் காம்பஸ் பெட்டி கேட்டு வாங்கினான். அன்று மாலையே கொத்தனார் வந்துவிட்டார். ஆறு வருடமாகியும் அந்தச் சுவரைப் பூசவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பயம் இருக்கட்டும் என்று செங்கல் தெரியவே விட்டு வைத்திருக்கிறார் தாளாளர் ராஜகோபால். ஆசிரியர்கள் ஏறி இறங்க லிஃப்ட் உண்டு. அதன் சாவி அவருடைய இடுப்புக் கொத்தில் தொங்குகிறது.

தப்பித் தவறி ஒரு பையன் எதிரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பத்து எண்ண வேண்டும். ஆண்டு விழாவில் ஒழுக்கத்துக்கான கேடயம், அந்த வருடத்தில் அதிக முறை சுவர்ப்பக்கம் திரும்பியவனுக்குப் போகும். பெண்களுக்குக் கேடயம் கிடையாது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனால் போதும்.

இந்தப் பள்ளியில் தீபா பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். கடைசி பெஞ்சு. தண்ணீர் கேன் போடும் பாலுவின் மகள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று உடன் படிப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை, படிப்பு நேரத்தில், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

வேதியியல் கைடுக்குள் ஒரு ஜப்பான் படக்கதை இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் எழுத்துப் போட்டு இணையத்தில் விட்டிருந்ததை, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தாள். கதை ஒன்றும் பெரிதில்லை. ரியோட்டா என்று ஒரு ஜூடோ வீரன். பள்ளிக்கூடப் பையன். அவனுக்கு விக்கல் எடுத்தால் பெண்ணாகிவிடுவான். மறுபடி எடுத்தால் ஆணாகிவிடுவான். பத்தொன்பதாம் பக்கத்தில் பசியோடு ஒரு நூடுல்ஸ் கடைக்குப் போகிறான். கடைக்காரர் பெரிய கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடுடா சிங்கம்" என்கிறார். ஒரு விக்கல். கடைக்காரர் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பாதிக் கிண்ணம் கொண்டுவந்து, மேலே ஒரு பூவும் வைத்து, "கொஞ்சமா சாப்பிடும்மா" என்கிறார். இன்னொரு விக்கல். பூவோடு பாதிக் கிண்ணம் போகிறது, பெரிய கிண்ணம் வருகிறது. இப்படி ஒன்பது கட்டம். ஒன்பதிலும் ரியோட்டாவின் முகம் ஒரே மாதிரி இருக்கிறது. நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கிறது.

தீபாவின் சிரிப்பு செங்கல் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. அங்கே ஆறு பையன்கள், எதற்கென்றே தெரியாமல், கூடச் சிரித்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் குற்றச்சாட்டு தயாரானது: இருபாலர் கூட்டுச் சிரிப்பு.

துணை முதல்வர் சந்திரிகா புத்தகத்தைப் பிடுங்கினார். அவர் முதலில் கேட்டது புத்தகத்தைப் பற்றி அல்ல.

"துப்பட்டாவை ஒழுங்கா பின் பண்ணு. இதெல்லாம் வீட்ல தெரியுமா?"

தீபா தலையைக் குனிந்துகொண்டாள். வியாழக்கிழமை எல்லாருக்கும் பொதுத்தேர்வு ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. விசாரணை முடிந்து தாளாளர் கையெழுத்துப் போட்டால்தான் டிக்கெட். திங்கட்கிழமை தமிழ்த் தேர்வு. பரீட்சை எழுதாமல் விட்ட அவள் பெரியப்பா மகள், காலை ஐந்தரைக்கு மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள். சாயங்காலம் இறங்கும்போது யாரிடமும் பேசமாட்டாள். அந்தப் பஸ்ஸைப் பார்த்தாலே தீபா தெருவைத் தாண்டிப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. விசாரணை அறை இரண்டாம் மாடியில், மேற்குப் பக்கம். ஆண்கள் படிக்கட்டில் பெண் ஏறக்கூடாது. லிஃப்டில் மாணவர் ஏறக்கூடாது. சுவரை இடிக்கக்கூடாது. விசாரணையைக் கீழே நடத்தலாமே என்று யாரோ சொன்னதற்கு, தாளாளரின் நாற்காலி கீழே இறங்காது என்று பதில் வந்தது. சுற்றறிக்கை அடித்து அடித்தே தலை நரைத்த அலுவலகக் கணக்கர் சத்யநாராயணன்தான் வழி கண்டுபிடித்தார். காலை ஒன்பதரைக்கு மேற்குப் படிக்கட்டின் கீழே நின்று, பாலுவுக்கும் வாட்ச்மேனுக்கும் கேட்கும்படி அந்த ஆணையை வாசித்தார்.

"நிர்வாக வசதியை முன்னிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி பா. தீபா, இன்று காலை பத்து மணி முதல் பன்னிரண்டு முப்பது மணி வரை ஆண் மாணவராகக் கருதப்படுவார். இச்சலுகையை வேறு எவரும் முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது."

பாலு, கேன் ஏற்றும் தன் குட்டி யானை வண்டியைக் கேட்டுக்கு வெளியே, என்ஜினை அணைக்காமலே நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"இன்னா சார் இது? இது எம் பொண்ணு சார்."

"யார் இல்லைன்னா? பன்னெண்டரைக்கு மறுபடியும் உங்க பொண்ணுதான். நடுவுல ரெண்டரை மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"டிக்கெட்டு குடுத்துருவாங்களா?"

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பெற்றோர் சம்மதம்."

பாலு போட்டார். மகள் பக்கம் திரும்பினார். "இன்னா கேட்டாலும் சரி சார்னு சொல்லிட்டு வந்துடு. பேஜார் பண்ணிக்காத. நான் இங்கதான் நின்னுகினு இருப்பேன்."

பத்தடித்தது. வாட்ச்மேன் கம்பிக் கதவைத் திறந்து, "போ தம்பி" என்றான்.

பெண்கள் படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் "குனிந்து நட", "கூடிப் பேசாதே" என்று பலகை இருக்கும். இந்தப் படிக்கட்டு அகலமாக இருந்தது. திருப்பத்தில் மின்விசிறி சுற்றியது. குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள். பலகையில், "நாளைய தலைவனே, வருக" என்று எழுதியிருந்தது. தீபா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவளைத் தவிர யாரும் ஏறவில்லை. கீழே கம்பிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அறையில் நீள மேஜை. நடுவில் தாளாளர் ராஜகோபால், ஒரு பக்கம் சந்திரிகா, இன்னொரு பக்கம் விளையாட்டு ஆசிரியர் ஜெயகிருஷ்ணன். அவர்கள் தலைக்கு மேல் ஒரு கடிகாரம். மேஜையில் பச்சைப் பேனா, பேப்பர் வெயிட்டுக்குக் கீழே அவளுடைய ஹால் டிக்கெட், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். விக்கல் வந்தால் கொடுக்க.

தீபா வாசலிலேயே தலையைக் குனிந்து நின்றாள்.

"வாப்பா, உள்ள வா," என்றார் சந்திரிகா. செவ்வாய்க்கிழமை பேசிய அதே வாய்தான். "ஏன் கூனிக்கிட்டு நிக்கறே? நிமிர்ந்து நில்லு. உட்காரு."

நாற்காலி போட்டிருந்தார்கள். இந்தப் பள்ளியில் நிர்வாகத்தின் எதிரில் ஒரு மாணவி உட்கார்ந்து தீபா பார்த்ததில்லை. ஓரமாக உட்கார்ந்தாள்.

"என்ன கேம் தம்பி?" என்றார் ஜெயகிருஷ்ணன். "ஹைட் இருக்கு. வாலிபால் வரலாமே?"

கிழக்குப் பக்கம் விளையாட்டுப் பீரியடில் கணக்கு நடக்கும். "விளையாடினதில்ல சார்."

"வேஸ்ட் பண்ணிட்டாங்க," என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வேஸ்ட் பண்ணியவர் அவர்தான்.

தாளாளர் கைகளை மேஜைமேல் கோத்துக்கொண்டார். "எதிர்காலத்துல என்ன ஆகப் போறே?"

எல்.கே.ஜி.யிலிருந்து அதே பள்ளியில் படிக்கிறாள். அந்தக் கேள்வியை அவளிடம் அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அவள் யோசித்துவிட்டு, "தெரியல சார்" என்றாள்.

"பார்த்தீங்களா? தெரியாததைத் தெரியலைன்னு பட்டுனு சொல்றான். லீடர்ஷிப் குவாலிட்டி."

சந்திரிகா அதைக் குறித்துக்கொண்டார். தீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் நடிக்கவில்லை. மூன்று முகத்திலும் பாசம் நிஜமாகவே இருந்தது. அது எங்கிருந்து வந்ததோ, அங்கேயே திரும்பிப் போகவும் நேரம் குறித்திருந்தார்கள். கடிகாரத்தில் பத்து நாற்பது.

புத்தகம் வந்தது. மூன்று நாள் நிர்வாகத்தின் பாதுகாப்பில் இருந்ததில் அது ரொம்ப உழைத்துக் களைத்துப் போயிருந்தது. அட்டையில் காபி வட்டம். பக்க மூலைகள் மடிந்திருந்தன. ஒரு பக்கத்தில் சாம்பார்.

"நான் மூணு தடவை படிச்சேன்," என்றார் சந்திரிகா. "விசாரணைக்காக. மூணாவது தடவை, முதல் ரெண்டு தடவையில எதையாவது விட்டுட்டேனான்னு செக் பண்ண."

"நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சேன் சார்," என்றார் ஜெயகிருஷ்ணன். "பத்தொன்பதாம் பக்கத்துல எனக்கே வயித்துல ஒரு மாதிரி ஆச்சு."

"சிரிப்பா?" என்றார் தாளாளர்.

"வர்ற மாதிரி இருந்தது சார். உடனே தண்ணி குடிச்சேன். அடங்கிடுச்சு."

"மிஸஸ்?"

"அவங்க சிரிச்சுட்டாங்க சார்." ஜெயகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "கண்டிச்சுட்டேன்."

தாளாளர் தலையசைத்துவிட்டு தீபாவைப் பார்த்தார். "சரிப்பா. கமிட்டிக்கு ஒரே ஒரு கேள்விதான். நாங்க மூணு பேரும் படிச்சவங்க. எங்களுக்கே பிடிபடல. ஒருத்தன் ஆணா இருக்கான், பெண்ணா ஆகறான், மறுபடி ஆணா ஆகறான். இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?"

சரி சார் என்று சொல்லச் சொல்லியிருந்தார் அப்பா. ஆனால் இது சரி சார் என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இல்லை. அதோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து வேறு உட்கார்ந்திருந்தாள். அந்த உயரத்திலிருந்து குரல் கொஞ்சம் சுலபமாக வந்தது.

"அவன் எதுவுமே ஆகல சார். அவன் அப்படியேதான் இருக்கான். பசிக்குது, அவ்ளோதான். அவனுக்கு விக்கல் வந்தா மத்தவங்க எல்லாரும் வேற ஆள் ஆயிடறாங்க. ஆனா மாறினது தாங்கதான்னு அவங்களுக்கே தெரியல. அதான் சார் சிரிப்பு."

மூன்று பேரும் பத்தொன்பதாம் பக்கத்தின் மேல் குனிந்தார்கள்.

"யார் மாறறாங்க?" என்றார் சந்திரிகா. "கடைக்காரர் அதே சட்டைதானே போட்டிருக்கார்?"

"பையனுக்கு ஃபுல் மீல்ஸ், பொண்ணுக்கு ஹாஃப்," என்றார் ஜெயகிருஷ்ணன். "கரெக்டாதானே குடுக்கறார்? நம்ம ஹாஸ்டல்லயும் அதானே?"

"அந்தப் பூ ஒரு நல்ல ஐடியா," என்றார் தாளாளர். "நோட் பண்ணிக்கோங்க."

அவர்கள் நிம்மதியாக நிமிர்ந்தார்கள். புத்தகத்தில் ஆபத்து எதுவும் இல்லை; கடைக்காரர் நல்ல நிர்வாகி என்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது. மிச்சம் இருந்தது சிரிப்பு. சந்திரிகா விதிப் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார்.

"வகுப்பில் சிரித்தல். ஆண் மாணவர் எனில், வயசுக் கோளாறு. வாய்மொழியாக எச்சரித்து அனுப்புக. பெண் மாணவர் எனில், குணக் கோளாறு. உடனடியாக நீக்குக."

தீபாவின் கண் கடிகாரத்துக்குப் போனது. பதினொன்று ஐம்பது.

"நல்லவேளை, நீ பையன்," என்றார் ஜெயகிருஷ்ணன் பிரியத்தோடு.

தாளாளர் ஹால் டிக்கெட்டைத் தன் பக்கம் இழுத்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். நிப்பு காகிதத்தைத் தொட ஒரு நூலிழைதான் பாக்கி. அப்போது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. பேனாவை மூடினார்.

"எச்சரிக்கை வாய்மொழியா இருக்கணும். ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்றேன்."

சந்திரிகாவும் ஜெயகிருஷ்ணனும் பழக்கத்தில் முதுகை நிமிர்த்தி, கண்களைத் திறந்தபடி, உள்ளே எங்கோ போய்விட்டார்கள்.

"இந்த இடம் ஒரு காலத்துல நஞ்சை. எங்க அப்பா இங்க நாத்து நட்டார். அப்போ ஆம்பளை பொம்பளை எல்லாம் ஒரே சேத்துல நின்னு, பாட்டுப் பாடி, சிரிச்சுக்கிட்டே நட்டாங்க. விளைஞ்சது என்ன? வெறும் நெல்லு. நான் அதே மண்ணுல சுவர் நட்டேன். இன்னைக்கு ஆயிரத்து நானூறு அட்மிஷன்."

பன்னிரண்டு ஐந்து.

"நான் சிரிப்புக்கு எதிரி இல்லைப்பா. ஆண்டு விழாவுல நான் ஜோக் சொல்றேன். எல்லாரும் சிரிக்கறாங்க. கையைக் காட்டினா நிறுத்தறாங்க. சிரிப்புன்னா அப்படி இருக்கணும்."

"சார்," என்றாள் தீபா. "கையெழுத்து."

"இளைஞனுக்கு வேகம் அழகு," என்று மகிழ்ந்தார் தாளாளர். "போன வருஷம் ஒரு பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னான். பத்து எண்ணி முடிச்சாச்சு. பெல் அடிச்சாச்சு. திரும்பலை. பதினோரு நிமிஷம். நானே போய்த் தோளைத் தொட்டேன். 'ஏன்டா திரும்பல?'ன்னேன். 'இந்தப் பக்கம் பழகிடுச்சு சார்'னான். எனக்குக் கண்ல தண்ணி வந்துடுச்சுப்பா. நாப்பது வருஷ உழைப்பு அது."

பன்னிரண்டு இருபது. வெளியே காற்று திரும்பியிருக்க வேண்டும். வண்டலூர் மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து சிங்கத்தின் உறுமல், ரொம்ப மெலிதாக, ஜன்னலில் பட்டுப் போனது.

"சார், டைம் ஆகுது சார்."

"டைமைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும்," என்றார் தாளாளர்.

சொன்னார். நேரத்தைச் சுருக்கமாகச் செலவழிப்பது பற்றி ஒன்பது நிமிடம் சொன்னார். தீபா எழுந்து ஹால் டிக்கெட்டைக் கையால் அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் பள்ளி வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய துணிச்சல் அது. தாளாளர் சிரித்துக்கொண்டே பேனாவை மறுபடி திறந்தார். முதல் எழுத்தின் சுழியைப் போட்டார்.

மணி அடித்தது.

பேனா நின்றது. முதலில் ஜெயகிருஷ்ணனின் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சந்திரிகாவின் கண்கள் எங்கிருந்தோ திரும்பி வந்து தீபாவின் முகத்தில் நின்றன, பிறகு கீழே இறங்கின.

"துப்பட்டாவைச் சரி பண்ணு. யார் உன்னை உட்காரச் சொன்னது?"

"மிஸ், நீங்கதான்..."

"எதிர்த்துப் பேசறியா?"

தாளாளர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒரு நல்ல மனிதன் தெருவில் அசிங்கத்தைப் பார்க்க நேர்ந்தால் எப்படி இருப்பானோ, அப்படி இருந்தார். "பொண்ணு எப்படி மேல வந்தது? வாட்ச்மேன் என்ன பண்றான்?" என்று சுவரைக் கேட்டார். "நாற்பது வருஷத்துல இப்படி நடந்ததில்லை. இதுக்குத் தனியா விசாரணை போடுங்க. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

மூவரும் லிஃப்டில் இறங்கிப் போனார்கள். போகும்போது சந்திரிகா புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

தீபா, சுழி மட்டும் விழுந்திருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். கீழே கம்பிக் கதவு பூட்டியிருந்தது. ஏறுவதற்குத்தான் ஆணை இருந்தது. பன்னிரண்டரைக்குப் பிறகு ஒரு பெண் அங்கிருந்து இறங்குவதற்கு யாரும் ஆணை அடிக்கவில்லை. திருப்பத்தில் நின்றவளுக்கு அப்பாவின் குரல் கேட்டது.

"மேல போன பொண்ணு எங்கப்பா?"

"பொண்ணு யாரும் போகலண்ணா," என்றான் வாட்ச்மேன். "ஒரு பையன்தான் போனான். நோட்டுல கீது பாரு."

"சரி, அந்தப் பையன் எங்க?"

"அவன் டைமு பன்னெண்டரையோட முடிஞ்சுபோச்சு."

"அப்போ மேல யாரு கீறாங்க?"

"யாரும் இல்லண்ணா."

"யாரும் இல்லன்னா இன்னாத்துக்குய்யா பூட்டி வச்சுகினு கீற?"

"அப்பா!" என்று தீபா மேலிருந்து கத்தினாள். வாட்ச்மேன் நாற்காலியை எடுத்து இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

ஒன்றேகாலுக்குச் சாப்பாடு முடிந்து பையன்கள் திரும்பினார்கள். அவர்களுக்காகக் கதவு திறந்தது. நூறு ஷூக்கள் ஏறிவரும் சத்தம். முதல் வரிசை அவளைப் பார்த்தது. பார்த்த நொடியில் அத்தனை பேரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்தார்கள். இரண்டு வரிசை முதுகுகளுக்கு நடுவே தீபா இறங்கி வந்தாள். ஒருவன் தோளும் அசையவில்லை. கடைசிப் படியில் வாட்ச்மேனும் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

பாலு மகளின் கையைப் பிடித்து நேராக அலுவலக ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஹால் டிக்கெட்டை உள்ளே நீட்டினார்.

"சார், பாதிக் கையெழுத்துல விட்டுட்டாங்க. திங்கக்கெழமை பரீட்சை சார்."

சத்யநாராயணன் டிக்கெட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓ, அந்தப் பையனோடதா? சாருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. லீடர் மாதிரி பேசினானாமே. அவன் மேல ஒரு கேசும் இல்லை, எச்சரிக்கையோட முடிஞ்சாச்சு. அவனைக் கூட்டிக்கிட்டு வாங்க. சார் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துடுவார்."

"இதோ, இவதான் சார் அது."

சத்யநாராயணன் எட்டிப் பார்த்தார். முகம் மூடிக்கொண்டது. "இந்தப் பொண்ணு மேல பெரிய கேஸ் இருக்கு. பரீட்சைக்கு அப்புறம், பதினோராம் தேதிதான் விசாரணை. ரெண்டையும் கலக்காதீங்க." பிறகு மனிதாபிமானத்தோடு குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ் நாலு மணி வரைக்கும் இருக்கும். பையனை அழைச்சுட்டு வாங்க. புரியுதா?"

பாலு ஜன்னலைவிட்டு நகர்ந்தார். கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். குட்டி யானையின் என்ஜின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. எதிர்ச் சாரியில் பேக்கரி, செல்போன் கடை, ஒரு சலூன்.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். உயரத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். ரிப்பன் கட்டி மடித்துவிட்ட இரட்டை ஜடையில் வந்து அவர் பார்வை நின்றது.

"அப்பா?" என்றாள் தீபா.

"நிமிர்ந்து நில்லுப்பா," என்றார் பாலு.